கூப்பர் பிளாக் இட்டாலிக்கா, அல்ட்ரா போடோனி இட்டாலிக்கா?

ஆங்கிலத் தலைப்புக்குத் தடித்த சாய்வெழுத்து வேண்டுமென்றால் என் முதல் தேர்வு கூப்பர் பிளாக் இட்டாலிக். அல்ட்ரா போடோனி இட்டாலிக் அதைவிட அழகானது என்பதை மறுக்கமாட்டேன். ஆனால் அந்த அழகு துலங்க அளவு, தாள், அச்சு மூன்றும் சரியாக அமைய வேண்டும்.

இரண்டும் 1920களின் அமெரிக்க விளம்பரத் தொழிலுக்காக வந்தவை. ஆஸ்வால்ட் கூப்பர் வரைந்த கூப்பர் பிளாக்கை சிகாகோவின் பார்ன்ஹார்ட் பிரதர்ஸ் அண்ட் ஸ்பிண்ட்லர் அச்செழுத்து வார்ப்பகம் 1922இல் வெளியிட்டது. இட்டாலிக் சில ஆண்டுகளில் வந்தது. அல்ட்ரா போடோனி 1928இல், அமெரிக்கன் டைப் ஃபவுண்டர்ஸ் வார்ப்பகத்துக்காக மாரிஸ் ஃபுல்லர் பென்டன் செய்தது. பெயர்தான் பழைய இத்தாலிய எழுத்து வடிவமைப்பாளர் போடோனியுடையது, உடல்வாகு 19ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் லண்டன் லாட்டரி விளம்பரங்களில் வந்த கொழுத்த எழுத்துகளுடையது.

சின்ன ‘n’ எழுத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். போடோனியில் இரண்டு கனத்த தண்டுகள். அவற்றை இணைப்பது மயிரிழை. அந்த முரண்தான் அதன் கவர்ச்சி. நகைக்கடை, வாசனைத் திரவியம், பத்திரிகை அட்டை என்றால் இரண்டே சொற்களைப் பெரிதாகப் போட்டால் போதும், பக்கமே ஜொலிக்கும். அதையே சிறிதாக்கி, கறுப்பில் வெள்ளையாக ரிவர்ஸில் அடித்தால் சுற்றியுள்ள மை பரவி மயிரிழையை விழுங்கிவிடும். மிஞ்சுவது தனித்தனித் தண்டுகள்.

கூப்பரில் மெலிந்த கோடும் போதிய தடிமனோடு இருக்கும். செரிஃப் எனப்படும், கோடுகளின் நுனியில் நீளும் சிறு முனைகள் உருண்டவை, எழுத்தின் அடிப்பாகமும் தட்டையாக இல்லாமல் வளைந்தே இருக்கும். அதனால் மட்டமான தாளில் மை கொஞ்சம் பரவினாலும் உருவம் கெடாது. இனிப்புக்கடை, குழந்தைகள் புத்தகம், ஜூஸ் பாட்டில் லேபிள் எல்லாவற்றுக்கும் பொருந்தும் இளக்கம் அதற்கு உண்டு. இரங்கல் அறிவிப்புக்கு மட்டும் வேண்டவே வேண்டாம். எழுத்துக்குள் இருக்கும் வெற்றிடம் குறுகலானது என்பதால் தலைப்புக்குக் கீழே வரும் நீண்ட வரிகளுக்கும் ஆகாது. முழுக்கப் பெரிய (கேப்பிடல்) எழுத்திலும் போடாதீர்கள். இதன் துள்ளல் சின்ன எழுத்துகளில்தான் இருக்கிறது.

மூன்றாவதாக கவுடி ஹெவிஃபேஸ் இட்டாலிக்கையும் சொல்வார்கள். கூப்பர் பிளாக்குக்குப் போட்டியாக லான்ஸ்டன் மோனோடைப் என்ற அச்செழுத்து நிறுவனம் கேட்டு, எழுத்து வடிவமைப்பாளர் ஃபிரெடரிக் கவுடி செய்தது. கவுடி ஒரு காலத்தில் கூப்பரின் ஆசிரியர். இருந்தும் இந்தப் பந்தயத்தில் மாணவர்தான் ஜெயித்தார் என்பேன்.

ஒன்றைக் கவனியுங்கள். மைக்ரோசாஃப்ட் ஆபீஸோடு வருவது நேர் கூப்பர் பிளாக் மட்டுமே. அதில் இட்டாலிக் பொத்தானை அழுத்தினால் கிடைப்பது சாய்த்துத் தள்ளிய நேர் எழுத்து: வட்டங்கள் கோணலாகும், தண்டின் கனம் இடம் மாறும். கூப்பர் வரைந்த இட்டாலிக் தனி எழுத்துரு. அதைத் தனியாகத்தான் வாங்க வேண்டும். இருமொழிப் போஸ்டரில் பக்கத்தில் வரும் தமிழையும் இப்படிச் சாய்க்கிறார்கள். தமிழுக்கு இட்டாலிக் மரபு கிடையாது. ‘ண’வின் சுழிகள் நசுங்கித் தெரியும். தமிழை நேராகவே விட்டு, அதே கனமுள்ள தடித்த எழுத்துருவாகத் தேடிப் போடுங்கள்.