டிஃபன் சீட்டும் மஞ்சக்குப்பம் தோட்ட வீடும்: ஒரு மேசைப்போர்க் குழுவின் அனுபவம்

கடலூரில் இரண்டு பேர், புதுச்சேரியில் இரண்டு பேர். ஆறுக்கு நாலடி மேசை ஒன்று, கட்டைவிரல் உயரமே உள்ள பொம்மைச் சிப்பாய்கள் நூற்றுச் சொச்சம். இதை வைத்துக்கொண்டு கொரோனாவுக்கு முன்பிருந்தே கர்நாடகப் போர்களின் (பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் நம் பக்கத்தில் நடத்தியவை) சின்னச் சின்ன மோதல்களை ஆடி வருகிறோம். விதிநூல் 'ஷார்ப் பிராக்டிஸ்', இரண்டாம் பதிப்பு. இங்கிலாந்தின் டூஃபேட்லார்டீஸ் 2016-ல் வெளியிட்டது, கருமருந்துத் துப்பாக்கிக் காலத்துக்கு எழுதப்பட்டது. வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: தாராளமாக வாங்குங்கள். ஆனால் எந்தப் படை எவ்வளவு தேறும் என்று மதிப்பெண் போடும் வேலையை மட்டும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

நீ ஒருமுறை, நான் ஒருமுறை என்று மாறி மாறி நகர்த்தும் ஆட்டமில்லை இது. ஒவ்வொரு படைத்தலைவனுக்கும் ஒரு சீட்டு. சீட்டுக்கட்டைக் கலைத்து மேலே இருப்பதைத் திருப்பினால் யார் வருகிறானோ அவன் ஆணையிடலாம். அவன் தகுதி ஒன்றிலிருந்து நான்குக்குள். தகுதிக்குத் தக்கபடி ஆணைகள். ஆணை வாங்கிய கூட்டத்துக்கு (சேர்ந்தே நகரும் பொம்மைக் குழு) இரண்டு வேலை: நடக்கலாம், சுடலாம், மருந்து கெட்டிக்கலாம். நடையும் பகடைதான், ஆறு அங்குலம் போவான் என்று நினைத்தவன் ஒரு அங்குலம் போய் நிற்பான். கட்டுக்குள் டிஃபன் சீட்டு என்று ஒன்று உண்டு. அது தலைகாட்டினால் சுற்று முடிந்தது. அதுவரை சீட்டு வராத தலைவன் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். கட்டில் இடையிடையே வரும் கொடிச் சீட்டைக் கையில் சேர்த்து வைத்திருந்தால் கடைசி நேரத்தில் அவனை எழுப்பலாம். அல்லது நடைக்குக் கூடுதல் வேகம், வேட்டுக்குக் கூடுதல் வலு வாங்கலாம். அந்தச் சீட்டை இப்போது செலவழிப்பதா, வைத்திருப்பதா என்ற யோசனையில்தான் பாதி ஆட்டம் போகும்.

குண்டு பட்டவர்களில் சாகிறவர்கள் குறைவு. பெரும்பாலும் விழுவது அதிர்ச்சிப் புள்ளி. நாங்கள் அதைப் 'பயம்' என்றே சொல்கிறோம். பயம் ஏற ஏற நடை குறையும், வேட்டு தளரும், கடைசியில் கூட்டமே திரும்பி ஓடும். தலைவன் தன் ஆணை ஒன்றைச் செலவு செய்து பயத்தைக் குறைக்கலாம். ஆக, ஆங்கில ஆட்டங்களில் வழக்கமாகப் பார்க்கும் பொம்மை அள்ளும் சந்தோஷம் இதில் கம்மி. நிற்பானா ஓடுவானா என்ற பதற்றம்தான் அதிகம். அந்தக் காலத்துத் துப்பாக்கியை நினைத்தால் இதுதான் சரி. நன்றாகப் பழகியவன் நிமிடத்துக்கு இரண்டு மூன்று முறை சுடுவான். நூறு கஜத்தைத் தாண்டினால் குறி என்பதே பெயருக்குத்தான். நிதானமாகக் கெட்டித்து வைத்த முதல் வேட்டுக்கு விதிநூல் தனி மதிப்புக் கொடுக்கிறது. அவசரப்பட்டு அதைத் தூரத்திலேயே வீணாக்கும் ஆட்கள் எங்கள் குழுவில் உண்டு. பெயர் வேண்டாம், படித்துக்கொண்டிருப்பார்.

இந்த விதிக்கென்றே எழுதி வைத்தது போல ஒரு சம்பவம் கடலூரிலேயே இருக்கிறது. 1746 செப்டம்பரில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி லா பூர்தொனே சென்னையைப் பிடித்தார். ஆங்கிலேயர்களுக்கு இந்தக் கரையில் மிஞ்சிய முக்கிய இடம் தேவனாம்பட்டினத்துச் செயின்ட் டேவிட் கோட்டை. 1690-ல் மராட்டியரிடமிருந்து வாங்கியது. கோட்டையிலிருந்து பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம்வரை உள்ள நிலமும் விலையில் சேர்த்தி, அதனால்தான் குண்டு கிராமங்கள் என்று பேர். அதே ஆண்டு டிசம்பரில் பிரெஞ்சுப் படை பெண்ணையாற்றைத் தாண்டி வந்து, மஞ்சக்குப்பத்தில் இருந்த ஆங்கிலேய ஆளுநரின் தோட்ட வீட்டைப் பிடித்தது. பிடித்ததும் களைப்பு, பசி. துப்பாக்கியைச் சாய்த்து வைத்துவிட்டுச் சமைக்கப் போனார்கள். அந்த நேரம் பார்த்து ஆங்கிலேயருக்கு உதவியாக ஆற்காட்டு நவாபின் மகன்கள் மஃபூஸ் கானும் முகமது அலியும் குதிரையும் காலாளுமாக வந்து நின்றார்கள். தோட்டத்தில் கிலி பிடித்தது. அவனவன் ஆற்றைப் பார்த்து ஓட, பீரங்கிக்காரர்கள் நின்று சுட்டதால்தான் மிச்சப் படை அக்கரை சேர்ந்தது.

மேசையில் இதை இப்படி அமைத்தோம். பிரெஞ்சுக் கூட்டங்கள் தோட்டத்தில் சிதறிக் கிடக்கும். தலைவன் சீட்டு வந்தால்தான் அவன் ஆட்கள் அடுப்பை விட்டு எழுவார்கள். நவாப் குதிரைகள் எந்தப் பக்கம் நுழையும் என்பது பகடை கையில். பிரெஞ்சுப் பக்கம் ஆடுபவருக்கு ஜெயிக்கும் வேலை கிடையாது, எத்தனை பேரை ஆற்றுக்கு அக்கரை சேர்க்கிறார் என்பதே கணக்கு. முதலியார்பேட்டை நண்பரின் தாத்தா பிரெஞ்சுப் படையில் இருந்த சொல்தா. அதனால் அவர் எப்போதும் பிரெஞ்சுதான் கேட்பார். இந்தச் சண்டையில் இரண்டு பீரங்கியைத் தோட்டத்து மதிலோரம் நிறுத்திவிட்டு, டிஃபன் சீட்டு வந்துவிடக் கூடாதே என்று அவர் சீட்டுக்கட்டையே முறைத்துக்கொண்டிருக்கும் முகத்தைப் பார்ப்பதற்காகவே இதைத் திரும்பத் திரும்ப ஆடலாம்.

இந்த இடத்தில்தான் மதிப்பெண் பிரச்சினை வெடித்தது. காலனியப் போர்களுக்கென்று வந்திருக்கும் பல விதிநூல்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆப்பிரிக்க, ஆப்கன் படையெடுப்புகளை மனதில் வைத்து எழுதியவை. உள்ளூர்ப் படை என்றாலே கூட்டமாக ஓடிவருவான், சுடத் தெரியாது, சீக்கிரம் கலைவான் என்று ஒரு அச்சு. அந்த அச்சை நாங்களும் முதலில் அப்படியே ஒட்டிப் பார்த்தோம். நவாப் படை எந்த ஆட்டத்திலும் பிழைக்கவில்லை. மஞ்சக்குப்பம் சண்டையில் நடந்தது அதற்கு நேரெதிர். சில வாரங்களுக்கு முன் அடையாற்றங்கரையில் பிரெஞ்சுத் தளபதி பரதியின் சின்னப் படையிடம் தோற்று ஓடியவர் இதே மஃபூஸ் கான்தான். ஒரே தலைவன், ஒரே காலம், இரண்டு முடிவு. இதில் இனத்துக்கு என்ன மதிப்பெண் போடுவது? அடையாற்றில் எதிரி வரிசையாக நின்று சுட்டான். மஞ்சக்குப்பத்தில் எதிரி சோறு வடித்துக்கொண்டிருந்தான். வித்தியாசம் அவ்வளவுதான்.

வில்லியனூர் நண்பர் வீட்டு மாடியில் ஒருநாள் ஆடிக்கொண்டிருந்தபோது அவர் அப்பா வந்து மேசையைச் சுற்றிப் பார்த்தார்.

"இதுல நம்ம ஆளுங்க எந்தப் பக்கம்டா?"

"ரெண்டு பக்கமும்தாம்பா."

"அப்போ யாரு ஜெயிச்சா உனக்கென்ன, சம்பளம் ஒழுங்கா குடுத்தானா?"

எங்கள் வீட்டு விதி அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது. எந்தப் படைக்கும் இன்ன நாட்டான் என்பதற்காகத் தரம் கிடையாது. ஆட்டத்துக்கு முன் ஒவ்வொரு கூட்டத்துக்கும் மூன்று விஷயம் பார்ப்போம்: எத்தனை காலம் பயிற்சி, சம்பள பாக்கி உண்டா, இன்று சாப்பிட்டானா. பாக்கிக்கும் சாப்பாட்டுக்கும் பகடை உருட்டுவோம். சம்பள பாக்கி அந்தக் காலத்தில் எல்லாப் படைகளையும் ஆட்டி வைத்த சங்கதி; கும்பினிக்கும் விலக்கில்லை. சிப்பாய்களை முதலில் பெரிய அளவில் பழக்கியவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். ஆங்கிலேயர் பின்னால்தான் வந்தார்கள். 1750-களின் நடுவில் நடக்கும் சண்டை என்றால் பழகிய சிப்பாய்க்கு வெள்ளைக்காரக் காலாள் அளவுக்கே தரம் கொடுக்கிறோம். யூசுப் கான் (மருதநாயகம்) போல ஒருவர் சிப்பாய்களின் தளபதியாக உயர்ந்த காலம் அது; அவருக்குத் தகுதி நான்கு கொடுக்காத விதிநூல் எதற்கு? இந்த மாற்றத்துக்குப் பிறகு ஆட்டங்கள் ஒருதலையாக முடிவது நின்றது.

பாகூர்ச் சண்டை இதற்கு நல்ல சோதனை. 1752-ல் ஆங்கிலேயத் தளபதி ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ் அங்கே கெர்ஜானின் பிரெஞ்சுப் படையை முறித்தார். துப்பாக்கி முனையில் செருகிய ஈட்டியோடு இரு தரப்பும் உண்மையிலேயே மோதிக்கொண்ட சண்டை, கெர்ஜான் பிடிபட்டார். மேசையில் கைகலப்பு வந்துவிட்டால் கைநிறையப் பகடை, ஒரே சத்தம், கீழ்வீட்டிலிருந்து ஆள் வரும். விதிநூலின் இந்தப் பகுதி சற்றுக் குழப்பம். கூட்டல் கழித்தல் நிறைய. தமிழில் ஒரு பக்கத்துக்குச் சுருக்கி எழுதி, லேமினேட் போட்டு மேசையில் வைத்த பிறகுதான் சண்டை வேகம் பிடித்தது. வாங்குபவர்கள் முதல் வேலையாக இதைச் செய்யலாம்.

பொம்மை விஷயத்துக்கு வருவோம். எல்லாம் 28 மில்லிமீட்டர் அளவு. வெளிநாட்டுப் பெட்டி வாங்கினால் பொம்மை விலையைவிடத் தபால் கூலியும் சுங்கமும்தான் கடுப்பேற்றும். இப்போது நாங்கள் பெரும்பாலும் கணினிக் கோப்பு வாங்கி உள்ளூரிலேயே ரெசினில் முப்பரிமாண அச்சு எடுக்கிறோம். ரெசினின் குறை, துப்பாக்கி முனைகள் தொட்டாலே ஒடியும். ஒடிந்த இடத்தில் துளையிட்டுக் குண்டூசி செருகினால் பொம்மைக்கு ஆயுள் கெட்டி. உடை நிறத்தில் ஒரு எச்சரிக்கை: வந்தவாசிச் சண்டை (1760) ஆடுவதாக இருந்தால் பிரெஞ்சுத் தளபதி லாலியின் சொந்தப் படைப்பிரிவும் ஆங்கிலேயரைப் போலவே சிவப்புச் சட்டைதான், பச்சை மடிப்போடு. அவசரத்தில் நம் ஆளையே நாம் சுடுவோம்.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கென்றே சில தொல்லைகள். காந்தப் பெட்டியில் நிற்பதற்காகப் பொம்மை அடியில் இரும்பு வாஷர் ஒட்டினோம். உப்புக்காற்றில் துரு ஏறி, ஓரத்தில் தீட்டிய மண் நிறத்தையும் தாண்டிக் கசிந்தது. துருப்பிடிக்காத எஃகு வாஷர் தேடிப் போனால் பலவற்றில் காந்தம் ஒட்டாது. கடைசியில் அடியில் சின்னக் காந்தத்தையே பசை மூடி ஒட்டுகிறோம். மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகை மழைக்காலத்தில் ஈரம் குடித்து வளையும். அடியிலும் ஓரத்திலும் வார்னிஷ் பூசினால் தாங்கும். ஸ்ப்ரே வார்னிஷை ஐப்பசி, கார்த்திகையில் கையில் எடுக்கவே வேண்டாம். காற்றில் ஈரம் இருந்தால் பொம்மை முழுக்க வெள்ளை பூத்துவிடும். தூரிகையால் பூசும் மேட் வார்னிஷ் பாதுகாப்பு. கடற்கரை மணலை அடித்தளத்துக்குப் போடுவதாக இருந்தால் நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்துப் போடுங்கள். ஆரோவில் பக்கத்துச் செம்மண்ணைச் சலித்துத் தூவினால் நிறமே தீட்ட வேண்டியதில்லை. ஆனால் பாகூர் வயற்காட்டுக்கு அது பொருந்தாது.

நிலக்காட்சிதான் எங்களுக்குச் செலவே இல்லாத பெருமை. கடையில் கிடைக்கும் மரமெல்லாம் ஊசியிலையும் ஓக்கும். பனை வேண்டுமானால் நாமே செய்ய வேண்டும்: மூங்கில் குச்சிக்கு நூல் சுற்றிப் பசை தடவிய உடம்பு, விசிறியாகக் கத்தரித்த காகிதத் தலை. புதுச்சேரியைச் சுற்றி அப்போது இருந்த முள்வேலி அரணுக்குப் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரைப் பிய்த்து ஒட்டினோம். 1760-ல் ஆங்கிலேயர் அந்த அரணைப் பிடித்த பிறகுதான் ஊரின் கழுத்து நெரிபட்டது. 1761 ஜனவரி நடுவில் ஊர் பணிந்தது. எங்கள் மேசையில் அந்த வேலி ஓரடி நீளம்கூட எளிதில் விழுவதில்லை.

இந்த விதிநூலால் ஆகாதவையும் உண்டு. முற்றுகை ஆட முடியாது. 1748-ல் ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி பாஸ்கவென் புதுச்சேரியை முற்றுகையிட்டு, மழைக்காலம் வந்து திரும்பிய கதையில் அரியாங்குப்பம் மோதல் மட்டும் மேசைக்கு அடங்கும். அதில் லாரன்ஸ் பிரெஞ்சுக்காரர்களிடம் பிடிபட்டார், தலைவன் பிடிபடும் விதியை முயன்று பார்க்க நல்ல சந்தர்ப்பம். 1783 கடலூர் முற்றுகை இன்னும் பெரிது. அதில் ஒரே ஒரு மண்மேட்டுக் காவலை எடுத்துக்கொண்டால்தான் உண்டு. பிரெஞ்சுத் தளபதி சஃப்ரானும் ஆங்கிலேயத் தளபதி ஹியூஸும் கடலில் மோதியது வேறு ஆட்டத்தின் வேலை. அடுத்த குறை, நாலு பேர் ஆடும்போது சீட்டு வராதவர் கைப்பேசியை எடுத்துவிடுவார். அவரிடம் கட்டைக் கலைக்கும் வேலையைக் கொடுத்துப் பார்த்தோம், ஓரளவு சரியாகிறது. எல்லாம் தன் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்று நினைப்பவருக்கு இந்த ஆட்டம் எரிச்சலைத் தரும். சதுரங்கம் நன்றாக ஆடும் ஒருவர் எங்களோடு சேர்ந்து, டிஃபன் சீட்டு அடுத்தடுத்துச் சீக்கிரமாகவே வந்த ஒரு மாலையில் விடைபெற்றார்.

நேரம்: பிற்பகல் மூன்றுக்குத் தொடங்கினால் விளக்கு வைத்த பிறகுதான் முடியும். மேசை அடுக்குவதற்குத் தனியாக ஒரு மணி நேரம் வையுங்கள்.

புதிதாகத் தொடங்குபவர்கள் பக்கத்துக்கு ஐந்தாறு கூட்டம் வைத்தால் போதும். வரிசைக் காலாள் கூட்டத்துக்கு எட்டுப் பேர், சிதறிச் சுடுபவர்கள் ஆறு பேர். முதல் சில ஆட்டங்களை அட்டையில் வெட்டிய சிப்பாய்களை வைத்தே ஆடிப் பாருங்கள். பிடித்தால் பிறகு பொம்மை. பீரங்கியை முதலில் வாங்க வேண்டாம். பார்க்க அழகாக இருக்கும் என்று எல்லோரும் அதைத்தான் முதலில் வாங்குவார்கள், நெல் வயலுக்குள் அதை இழுத்துப் போய் நிறுத்துவதற்குள் சண்டையே முடிந்துவிடும்.