பழைய லேப்டாப்: சரிசெய்வதா, புதிது வாங்குவதா?

லேப்டாப் திணற ஆரம்பித்ததும் பலரும் புதிதுக்கு விலை பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். எந்தப் பாகம் தேய்ந்திருக்கிறது என்று பார்க்காமல் மொத்தத்தையும் தூக்கிப்போட எனக்கு மனசு வராது.

முதலில் விண்டோஸில் எது எவ்வளவு வேலை வாங்குகிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். நீங்கள் எதையும் ஓட்டாதபோதும் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நின்றால், சந்தேகம் ஹார்ட் டிஸ்க் மேல்தான். அதற்குள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் தட்டு இருக்கும்; ஒவ்வொரு ஃபைலையும் ஒரு முனை நகர்ந்து போய்த் தேடி எடுக்க வேண்டும். அதற்குப் பதிலாகப் போடும் எஸ்எஸ்டி சிப்பில் சேமிக்கிறது, அதில் நகரும் பாகமே கிடையாது. என்னுடைய ஏழு வருட லேப்டாப்பில் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டேன், அதை மட்டும்தான் மாற்றினேன். ஆன் செய்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போகிற பழக்கம் அன்றோடு நின்றது.

ராம் 4 ஜிபி என்றால் 8 ஆக்கலாம், மதர்போர்டோடு சேர்த்து ஒட்டியிருக்காவிட்டால். பேட்டரி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை விண்டோஸின் பேட்டரி ரிப்போர்ட்டே சொல்லிவிடும். டச்பேட் மேலெழும்பி வந்தால் பேட்டரி உப்பியிருக்கலாம். அழுத்தாதீர்கள், சார்ஜும் போடாதீர்கள், உடனே மாற்றுங்கள்.

சரி, எப்போது புதிது? மதர்போர்டு போய்விட்டால் நான் யோசிக்க மாட்டேன். பழைய போர்டுக்குச் செலவு செய்த அடுத்த மாதமே டிஸ்ப்ளே போகலாம். கீல் உடைசல், டிஸ்ப்ளே, பேட்டரி மூன்றும் ஒன்றாக வந்தாலும் அப்படித்தான்.

குழப்பம் விண்டோஸில்தான். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை பிராசஸராவது வேண்டும். அதற்கும் பழையதில் எஸ்எஸ்டி போட்டாலும் இந்தக் கதவு திறக்காது. பிரவுசர், எழுத்து வேலை மட்டும் என்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் போட்டு இன்னும் சில வருடம் ஓட்டலாம். அலுவலக மென்பொருள் விண்டோஸையே கேட்டால் புதிதுதான் வழி.

அப்படி வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். மெல்லிய மாடல்கள் பலவற்றில் ராம் போர்டிலேயே ஒட்டப்பட்டிருக்கும், அப்புறம் கூட்ட முடியாது. முதலிலேயே 16 ஜிபி எடுத்துவிடுங்கள்.