உம்ராவ் ஜான்: படமா, நாவலா?

லக்னோ கணிகை உம்ராவின் கதையைப் பார்ப்பதா, படிப்பதா என்று தயங்குபவர்களுக்கு:

நேரம்: 1981-இல் வந்த படம் ஒரே மாலையில் முடியும். மிர்சா ஹாதி ருஸ்வாவின் 1899 நாவலுக்குச் சில நாள் வேண்டும்.

இசை: படம்தான். கய்யாம் இசையில் ஆஷா போஸ்லே வழக்கத்தைவிடத் தணிந்த குரலில் பாடுகிறார். அப்புறம் உம்ராவாக நடித்த ரேகாவின் கண்கள்!

உம்ராவ் என்ற பெண்: இங்கே நாவல் எங்கேயோ போய்விடுகிறது. படத்தில் அவர் பெரும்பாலும் ஏங்குகிறார். நாவலில் வயதான உம்ராவ் தானே பேசுகிறார். ஃபைசாபாத்தில் சிறுமி அமீரனாகக் கடத்தப்பட்டதைச் சொல்கிறார், நடுநடுவே கவிதை சொல்கிறார், தன்னிடம் வந்த ஆண்களை எடைபோடுகிறார். முஸ்லிம் பெண் என்றாலே முக்காடும் கண்ணீரும் என்று இந்தி சினிமா பழக்கிய எனக்கு, அந்தக் குரல் அவ்வளவு பிடித்தது.

பாட்டுக்கும் அழகுக்கும் படம். அவரையே அறிய நாவல். இரண்டும் வேண்டுமா? சரி, படத்தை முதலில் பாருங்கள்.