ஸ்லைடு மறுபரிசோதனை: கொடுத்த காசு வீண் போகவில்லை

எங்கள் ஊர் மருத்துவமனையில் என் மார்பில் இருந்ததை நார்க்கட்டி, அதாவது புற்றுநோய் இல்லாத சாதாரணக் கட்டி, என்று சொல்லித்தான் எடுத்தார்கள். பயாப்சியில் மாலிக்னன்ட் (புற்றுநோய் வகை) ஃபிலாய்ட்ஸ் கட்டி என்று வந்தது. அதுவும் ஒற்றை வரி ரிப்போர்ட். வெட்டிய ஓரம் சுத்தமா, செல்கள் எவ்வளவு வேகமாகப் பிரிகின்றன, ஒன்றும் கிடையாது. அந்த வரியை நம்பி, மார்பை முழுக்க எடுத்து அக்குளில் உள்ள நெறிக்கட்டிகளையும் வழித்துக் கீமோ கொடுக்க நாள் குறித்துவிட்டார்கள்!

மார்பகக் கட்டிகளில் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லாத அபூர்வ வகை இது. பழகிய கண் பார்க்கட்டும் என்று, கட்டியின் மெல்லிய சீவல் ஒட்டிய கண்ணாடி ஸ்லைடுகளைச் சென்னையில் ஒரு புற்றுநோய் மருத்துவமனையின் நோய்க்குறியியல் பிரிவில் மறுபடி பார்க்கக் கொடுத்தேன்.

மாலிக்னன்ட் என்பது மாறவில்லை. நல்ல சேதிக்காக மட்டும் போகிறவர்கள் ஏமாறுவார்கள். ஆனால் வெட்டிய ஓரத்தைக் கட்டி தொட்டிருப்பது முதல் எல்லாவற்றையும் எழுதியிருந்தார்கள். அதைப் படித்த அறுவை மருத்துவர், "அம்மா, இது அக்குளுக்குப் போவது அபூர்வம். பரவினால் ரத்தத்தின் வழியாகப் பெரும்பாலும் நுரையீரலுக்குத்தான் போகும்" என்றார். சுற்றிலும் 1 செ.மீ. நல்ல சதையோடு மறுபடி வெட்டி, கதிர்வீச்சு கொடுத்தார். அக்குளைத் தொடவில்லை. ஹார்மோன் மாத்திரையும் இல்லை, இந்தக் கட்டிக்கு அது பயன்படாதாம். கதிர்வீச்சு அதே இடத்தில் திரும்ப வருவதைக் குறைக்கும், ஆயுளைக் கூட்டும் என்று சொல்ல முடியாது என்பதையும் மறைக்கவில்லை. மாலிக்னன்ட் வகையில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு வேறு உறுப்புக்குப் பரவுகிறது. பரவாதவர்களில் பெரும்பாலோர் நன்றாக இருக்கிறார்கள். எனக்கு இதுவரை நெஞ்சு ஸ்கேன் சுத்தம்.

கொடுக்கப் போகிறவர்களுக்கு: ஸ்லைடு மட்டும் போதாது, கட்டியின் துண்டைப் பதித்து வைத்திருக்கும் மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்குங்கள். பழைய இடத்தில் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும், அது உங்கள் உடம்பின் சதை. அறுவைக் குறிப்பும் ஸ்கேன் நகலும் கூடவே வேண்டும். வெயிலில் நிறுத்திய காரில் பிளாக்கை விட்டுவிடாதீர்கள்.

சென்னையில் குறை என்றால் கவுன்டர்தான். எந்தச் சன்னலில் கட்டுவது, எதில் ஒப்படைப்பது என்று ஒரு பலகைகூட இல்லை. ரிப்போர்ட் தயார் என்று யாரும் கூப்பிடவும் மாட்டார்கள், நாமேதான் விசாரிக்க வேண்டும். ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். அந்த நான்கும் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தவருக்கு.