ஆள் திருந்தணும், வாய் திருந்தக் கூடாது: மூன்று வழிகள்

எடுத்தெறிந்து பேசும் கதாபாத்திரத்தைத் திருத்த மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன.

முதலாவது, ஒரே இரவில் மனமாற்றம். 1843-இல் டிக்கன்ஸ் எழுதிய ‘எ கிறிஸ்துமஸ் கேரல்’ இந்த வகை. குறுநாவல் என்பதால் தாங்குகிறது. நீண்ட தொடரில் இதைச் செய்தால், வாசகர் அதுவரை ரசித்த ஆளே காணாமல் போய்விடுவார். ஆனாலும் டிக்கன்ஸ் கெட்டிக்காரர். பண்டிகைக்கு மறுநாள் பதினெட்டரை நிமிடம் தாமதமாக வரும் குமாஸ்தாவிடம், திருந்திய கஞ்ச முதலாளி ஸ்க்ரூஜ் பழைய உறுமலோடு பாய்கிறார். பாய்ந்துவிட்டுச் சம்பளத்தை உயர்த்துகிறார். கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

இரண்டாவது, கடைசியில் உடையும் ரகசியம். 2007-இல் வந்த ஏழாவது ஹாரி பாட்டர் நூலில் கடுகடுப்பான ஆசிரியர் ஸ்னேப்பின் நினைவுகள் அவர் சாகும்போதுதான் வெளிவருகின்றன. அதுவரை நாக்கை மழுக்க வேண்டியதில்லை என்பது பெரிய வசதி. ஆனால் ரகசியம் காரணத்தைச் சொல்கிறதே தவிர கணக்கைத் தீர்ப்பதில்லை. வகுப்பில் நெவில் என்ற மாணவனை நடுங்க வைத்ததற்கு அங்கே பதிலே இல்லை.

மூன்றாவது, செயல் மாறும், பேச்சு அப்படியே இருக்கும். கடினமானது, ஆனால் நான் இதைத்தான் சொல்வேன். முதலில் அந்த ஆளின் முரட்டுக் குணங்களை எழுதிவைத்து இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: எளியவரைக் காயப்படுத்துபவை, வெறுமனே உறுத்துபவை. முதல் வகை போக வேண்டும். இரண்டாவதில் கை வைக்காதீர்கள்.

கடனுக்காக ஒரு பெண்ணின் தையல் மெஷினைத் தூக்கிவந்த வட்டிக்காரர் அதைத் திருப்பித் தருகிறார் என்று வைப்போம். “என்னை மன்னிச்சிடும்மா, நான் திருந்திட்டேன்” என்று அவர் சொன்னால் பாத்திரம் அங்கேயே செத்தது. பதிலாக இப்படிச் சொல்லட்டும்: “இந்தா, வீட்ல இடத்த அடைச்சிக்கிட்டுக் கிடக்குது. பெல்ட் அறுந்திருந்துச்சு, புதுசு போட்டிருக்கு. எண்ணெயாவது விடு, அதுக்கும் நான்தான் வரணுமா?” இதில் மன்னிப்பு பெல்ட்டில் இருக்கிறது.

பெரும்பாலும் சறுக்குவது இதற்குப் பிறகுதான். அந்தப் பெண்ணை உடனே கண்கலங்க வைத்துவிடுகிறார்கள். மெஷினை வாங்கிக்கொண்டு அவள் கதவைச் சாத்தட்டும். அவருக்கும் ஏதாவது நஷ்டம் வேண்டும்: வராக்கடன், கூட்டாளியின் பகை. நடுவில் ஒருமுறை பழைய புத்திக்கு அவர் திரும்பவும் வேண்டும். கடைசி அத்தியாயங்களில் அதே நாக்கு அவளை மிரட்ட வரும் இன்னொரு வட்டிக்காரன் மீது திரும்பட்டும். வசவு ஒன்றைக்கூட மாற்ற வேண்டாம். வாங்குகிற ஆளை மட்டும் மாற்றுங்கள்.