மேக்சிஸ் ரீகான் 29×2.4: கியாராவுக்கும் ஜம்போரிக்கும் ஒரே டயர் போதுமா?

வாரநாள் மாலையில் புக்கிட் கியாரா குன்று, ஞாயிறு காலையில் எங்காவது ஒரு தோட்டப்புற ஜம்போரி, அதாவது பலர் சேர்ந்து ஓட்டும் நெடுந்தூரப் பந்தயம். கோலாலம்பூரில் மலைச்சைக்கிள் ஓட்டும் இளவட்டங்கள் பலருக்கு இந்த இரண்டுக்கும் ஒரே சைக்கிள்தான். பந்தயத்துக்கென்று இன்னொரு ஜோடி சக்கரம் வாங்குவது எல்லா வீட்டுக்கும் கட்டுப்படியாகாது. அதனால் எந்த டயர் என்ற கேள்வி, எந்த சைக்கிள் என்ற கேள்விக்குச் சற்றும் குறைந்ததில்லை. மேக்சிஸ் நிறுவனத்தின் ரீகான் டயரை (29 அங்குலச் சக்கரம், 2.4 அங்குல அகலம்) பற்றிய முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: பின்சக்கரத்துக்குத் தயங்காமல் வாங்கலாம். முன்சக்கரத்தில் காய்ந்த தடத்துக்கும் நெடுந்தூரப் பந்தயத்துக்கும் சரி. மழை பிடித்துக்கொண்ட கியாராவுக்குப் போதாது.

ரீகான், மேக்சிஸின் ஐகான் என்ற பந்தய டயரை முன்மாதிரியாகக் கொண்டு, அதைவிடக் கரடான தடத்துக்காக வந்தது. நடுவில் அகலமான, உயரம் குறைந்த ரப்பர் கட்டைகள். அவற்றின் முன்விளிம்பு சரிவாகச் சீவப்பட்டிருப்பதால் உருளும்போது தடுக்காது, பிரேக் பிடிக்கும்போது நிமிர்ந்த பின்விளிம்பு மண்ணைக் கவ்வும். ஓரத்தில் இருக்கும் ‘எல்’ வடிவக் கட்டைகள் வளைவில் சைக்கிளைச் சாய்த்த பிறகுதான் வேலைக்கு வரும். அரைகுறையாகச் சாய்ப்பவருக்கு நடுவுக்கும் ஓரத்துக்கும் இடையில் டயர் கொஞ்சம் வழுகுவதுபோல் இருக்கும். நன்றாகச் சாய்த்தால் அந்தத் தயக்கம் தெரியாது.

கடையில் வாங்கும்போது பக்கவாட்டில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். ‘டிஆர்’ என்றால் டியூப் இல்லாமல் போடத் தகுந்தது. ‘எக்ஸோ’ என்றால் பக்கச்சுவரில் வெட்டுத் தாங்கும் துணி வைத்துத் தைத்தது. ‘டபிள்யூடி’ என்றால் உள்ளகலம் 30 முதல் 35 மில்லிமீட்டர் உள்ள ரிம்முக்கு வடிவமைத்தது. புதிய சைக்கிளோடு வரும் ரீகானில் சில சமயம் டிஆர் குறியும் எக்ஸோ குறியும் இருக்காது. பெயர் ஒன்றுதான், டயர் வேறு. ரப்பர் கலவையில் ‘டூயல்’ என்பது கெட்டியானது, பின்சக்கரத்தில் நாள்படும். ‘3சி மேக்ஸ்டெரா’ மென்மையானது, ஈர வேரில் நன்றாக ஒட்டும், சீக்கிரம் தேயும். எடை 800 கிராமுக்கு முன்னே பின்னே. பழைய பிரேமில் 2.25 டயர் மட்டுமே இருந்தால் 2.4 நுழையுமா என்று முதலில் பாருங்கள். இருபுறமும் குறைந்தது 6 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். இல்லையென்றால் ஒட்டிய சேறு பெயின்டை அரித்துவிடும்.

இனி கியாரா. தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலை ஒட்டிய இந்தக் குன்று ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம். நம் ஆட்கள் பால் வெட்டிய இடம். நிரை பிடித்த பழைய படிக்கட்டுச் சரிவுகள் இன்னும் தெரிகின்றன, சில பால்மரங்களில் வெட்டுத் தழும்பும் மறையவில்லை. தடங்கள் இந்த மரங்களுக்கு இடையில் வளைந்து வளைந்து போகின்றன. டயருக்கு இங்கே மூன்று சோதனைகள். முதலாவது வேர். மழை ஓய்ந்து இரண்டு நாளானாலும் நிழலில் கிடக்கும் வேர் பளபளப்பாகவே இருக்கும். அதைச் சாய்வாகக் கடந்தால் எந்த டயரும் வழுக்கும். செங்குத்தாகக் கடந்து, வேரின் மேல் பிரேக்கைத் தொடாமல் விட்டால் ரீகான் தாங்கும். இரண்டாவது ரப்பர் கொட்டை. வழவழப்பான அந்த ஓடு, வளைவில் குவிந்து கிடக்கும்போது பேரிங் குண்டுகள் கொட்டிவைத்ததுபோல் உருளும். பெரிய கட்டையுள்ள டயர் இடுக்கில் கொட்டையை விழுங்கிவிட்டு மண்ணைத் தொடும். ரீகானின் நடுக்கட்டை தாழ்வாக இருப்பதால் கொட்டையின் மேலேறி மிதக்கும். முன்சக்கரத்தில் இது ஆபத்து.

மூன்றாவது களிமண். ஏப்ரலிலும் நவம்பரிலும் கோலாலம்பூரில் மாலை மழை தவறாது. ஈரக் களிமண் தாழ்ந்த கட்டைகளின் இடைவெளியில் ஒரு சுற்றிலேயே நிரம்பிவிடும், மேலே சருகு ஒட்டிக்கொள்ளும், பிறகு டயர் வழவழ உருளைதான். வேகம் எடுத்தால் உதறிவிடும். ஏற்றத்தில் அந்த வேகம் கிடைக்காது. இந்த மாதங்களில் முன்சக்கரத்தில் உயரமான கட்டையுள்ள மினியன் டிஎச்எப் 2.5 அல்லது ஃபோர்காஸ்டர் 2.4 டயர் போட்டு, பின்னால் ரீகானை விட்டுவைப்பதே நல்ல ஜோடி. பின்சக்கரம் வழுக்கினால் சமாளிக்கலாம், முன்சக்கரம் வழுக்கினால் தோள்பட்டைதான் தரையைத் தொடும். பெருமழை பெய்த மறுநாள் கியாராவுக்குப் போகாமலே இருப்பது தடத்துக்கும் நல்லது. ஊறிய மண்ணில் டயர் வகுத்த பள்ளம் அடுத்த மழைக்கு வாய்க்காலாகிவிடும்.

ஜம்போரியில் கதை வேறு. 30, 40 கிலோமீட்டரில் பெரும்பகுதி தோட்டத்துச் செம்மண் சாலை, இடையிடையே தார், கொஞ்சம் ஒற்றையடித் தடம். இங்கே டயர் உருளும் சுகம்தான் முக்கியம், ரீகான் ஏமாற்றாது. முழுப் பந்தய டயரான ஐகானைவிட மெதுவானதுதான், 2.2 அளவு ஐகான் எடையிலும் நன்றாகக் குறையும். ஆனால் மூன்று மணி நேரம் ஹார்ட்டெயிலில் (பின்சக்கரத்துக்கு ஸ்பிரிங் இல்லாத சைக்கிள்) குலுங்கிய பிறகு கடைசி இறக்கத்தில் கை சோர்ந்திருக்கும்போது, 2.4 அகலத்தின் மெத்தை எவ்வளவு உதவும் என்பது தெரியும். மேடை ஏறப்போகிறவருக்கு ஐகான். பந்தயத்தை முழுதாக முடித்து, தன் நேரத்தை அடுத்த முறை குறைக்க நினைக்கும் பிள்ளைக்கு ரீகான்.

ஜம்போரியில் டயரைக் கொல்வது கல் அல்ல, செம்பனை மட்டை. வெட்டிப்போட்ட மட்டையின் அடிப்பகுதியில் வரிசையாக முள் இருக்கும். காய்ந்தால் ஆணிபோல் இறுகும். எக்ஸோ துணி பக்கச்சுவரில்தான் இருக்கிறது, நடுவில் இறங்கும் முள்ளை அது தடுக்காது. அதனால் இந்த டயரை டியூபோடு ஓட்டாதீர்கள்; டியூப் இல்லாமல், ஓட்டையைத் தானே அடைக்கும் சீலன்ட் என்ற திரவத்தை ஊற்றி ஓட்டுங்கள்.

டியூப் இல்லாமல் போடுவதில் பெரும்பாலும் கெடுவது ரிம்மின் உட்புறம் ஒட்டும் டேப். ரிம்மின் உள்ளகலத்தைவிட 2 முதல் 5 மில்லிமீட்டர் அகலமான டேப் வாங்குங்கள். ரிம்மை ஆல்கஹாலால் துடைத்து, வால்வு ஓட்டைக்கு ஒரு சாண் முன்னால் தொடங்கி, இழுத்துப் பிடித்து ஒட்டி, ஓட்டையைத் தாண்டி ஒரு சாண் மேலேறி முடியுங்கள். கத்தியால் கீறாமல், சூடாக்கிய ஆணியால் வட்டமாகத் துளையுங்கள். கீறல் காற்றழுத்தத்தில் கிழிந்துகொண்டே போகும். டயரை மாட்டும்போது வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் தொடங்கி வால்வில் முடிக்க வேண்டும், ஏற்கெனவே ஏறிய விளிம்பை ரிம்மின் நடுப்பள்ளத்தில் தள்ளிவைத்தால் லீவர் இல்லாமலே ஏறும். வால்வின் உள்ளே திருகியிருக்கும் ‘கோர்’ என்ற ஊசியைக் கழற்றிவிட்டு, விளிம்பில் சோப்பு நீர் தடவி, நிற்காமல் பம்ப் அடியுங்கள். ‘பட், பட்’ என்று இரண்டு பக்கமும் உட்காரும் சத்தம் கேட்கும். டயரில் அச்சிட்ட உச்ச அழுத்தத்தைத் தாண்ட வேண்டாம். பிறகு காற்றை இறக்கி, 100 முதல் 120 மில்லிலிட்டர் சீலன்ட் ஊற்றி, ‘கோர்’ ஊசியைப் பூட்டி, காற்றடித்து, சக்கரத்தைக் குலுக்கி இருபக்கமும் பத்துப் பத்து நிமிடம் படுக்கவையுங்கள்.

அந்த சீலன்ட் வேறொன்றுமில்லை, பெரும்பாலும் நம் பால்மரத்துப் பால்தான். பால் உறையாமல் இருக்கத் தோட்டத்தில் அமோனியா சேர்ப்பார்களே, அதே வித்தை இதிலும் உண்டு. மூடியைத் திறந்ததும் மூக்கில் ஏறும் வாடை அதுதான். நம் வெயிலில் இது சீக்கிரம் வற்றும். குளிர்நாட்டுக் கணக்கை நம்பாமல் ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை சக்கரத்தைக் காதருகே குலுக்கிப் பாருங்கள். சளக் சளக் என்று கேட்கவில்லையென்றால் 60 மில்லிலிட்டர் ஊற்ற வேண்டும். பழைய டயரைப் பிரித்தால் உள்ளே, பால் பிடிக்கும் மங்கில் காய்ந்த ஒட்டுப்பாலைப்போல உருண்டைகள் கிடைக்கும். பிய்த்து எடுத்துவிடுங்கள், எடைக்குத்தான் ஆகும். டயரைச் சட்டென்று ஊதும் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரை அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த வாயு சிலவகைப் பால் சீலன்ட்டைத் திரிய வைத்துவிடும். பயன்படுத்தினால் வீட்டுக்கு வந்ததும் சீலன்ட்டை மாற்றுங்கள்.

காற்றழுத்தம்தான் இந்த டயரின் உயிர். 30 மில்லிமீட்டர் ரிம், ஹார்ட்டெயில் என்றால் 55 கிலோ எடையுள்ளவர் முன்னால் 17, பின்னால் 20 பிஎஸ்ஐயில் தொடங்கலாம். 65 கிலோவுக்கு 19, 22. 75 கிலோவுக்கு 21, 24. ரிம் 25 மில்லிமீட்டர்தான் என்றால் ஒன்றிரண்டு கூட்டுங்கள்; அகலம் குறைந்த ரிம்மில் டயர் புரண்டு விளிம்போரம் காற்றைக் கக்கும். ஜம்போரிச் செம்மண்ணுக்குப் பின்சக்கரத்தில் இன்னும் 2. ஈர வேருக்கு இரண்டிலும் 1 குறையுங்கள். ரிம் கல்லில் ‘டங்’ என்று மோதும் சத்தம் ஒரு சுற்றில் இரண்டு தடவை கேட்டால் அழுத்தம் போதவில்லை. 160 வரை காட்டும் பம்ப் மானி இந்த எல்லையில் 3, 4 பிஎஸ்ஐ தவறினாலும் கண்ணுக்குத் தெரியாது, சிறிய டிஜிட்டல் மானி ஒன்று வாங்கிவிடுங்கள். காலையில் 25 டிகிரியில் 20 அடித்துக் காரின் பின்பெட்டியில் பூட்டி வைத்தால், உள்ளே 55 டிகிரி ஆகும்போது அது 23ஐத் தாண்டிவிடும். ஆகவே தடத்தின் முகப்பில், சைக்கிள் நிழலில் ஆறிய பிறகு அளந்து பாருங்கள்.

பையில் என்ன வேண்டும்? பிளக் கம்பி (ஓட்டையில் திணிக்கும் ரப்பர் திரி கோத்த ஊசி), ஒரு டியூப், ஒரு வெள்ளி நோட்டு. வழியில் முள் ஏறினால் அதை உடனே பிடுங்காதீர்கள்; ஓட்டை எங்கே என்று அது காட்டிக்கொண்டிருக்கும். பிளக் கம்பியைத் தயாராக வைத்துக்கொண்டு பிடுங்கி, அதே திசையில் திணியுங்கள். சின்ன ஓட்டையை சீலன்ட்டே அடைத்துவிடும், ஓட்டை கீழே வரும்படி சக்கரத்தைத் திருப்பிவைத்தால் போதும். பக்கச்சுவர் கிழிந்தால் டியூப் போட்டே ஆக வேண்டும். போடுமுன் டயருக்குள் கையை விட்டு மிச்ச முட்களைத் தடவி எடுங்கள், கிழிசலுக்கு உட்புறம் ஒரு வெள்ளி நோட்டை மடித்து வைத்து டியூபை ஊதுங்கள். நம் ஒரு வெள்ளி, ஐந்து வெள்ளி நோட்டுகள் பிளாஸ்டிக். கிழியாது, நனையாது, வீடுவரை தாங்கும்.

பினாங்குக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. தீவின் மலை கருங்கல். அது உதிர்ந்து கிடக்கும் பருமணலில் களிமண் பிரச்சினை குறைவு. அங்கே ‘எல்’ கட்டைகள் நன்றாகக் கடிக்கும், முன்னும் பின்னும் ரீகான் போட்டாலும் பெரும்பாலான நாட்களில் குறை தெரியாது. ஆனால் பருமணல் நடுக்கட்டைகளை உப்புத்தாள்போல் தேய்க்கும். பின்சக்கரத்தில் டூயல் கலவையே அங்கு கட்டுப்படி.

எப்போது மாற்றுவது? பின்டயரின் நடுக்கட்டையில் பிரேக் பிடிக்கும் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். கூர்மை போய் உருண்டிருந்தால், இறக்கத்தில் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு இழுபடத் தொடங்கியிருக்கும். அந்தப் பழைய டயரை முன்னால் மாற்றிப் போட்டு மிச்சம் பிடிக்க வேண்டாம். புதியது எப்போதும் முன்சக்கரத்துக்கு, அங்கிருந்து இறங்குவது பின்சக்கரத்துக்கு.