மோடம் ரீஸ்டார்ட் ஆனா நெட் திரும்பி வரணும்: வீட்டு ஃபயர்வோலோட சில வருச அனுபவம்

மட்டக்களப்பு கல்லடியில எங்கட வீட்டுல ஓபிஎன்சென்ஸ் எண்ட ஃபயர்வோல் மென்பொருள் (வெளி நெட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில காவல் நிக்கிறது) போட்ட சின்னப் பெட்டி ஒண்டு சில வருசமா ஓடுது. பெட்டி நல்லம், அதுக்குள்ள இருக்கிற மென்பொருள் அதவிட நல்லம், காசு குடுக்காம எடுக்கிற சாமான் இவ்வளவு உறுதியா நிக்கிறது எனக்கு இண்டைக்கும் பெரிய விசயம்தான். ஆனா இத வாங்கப் போறம் எண்டு கேக்குற ஆக்களுக்கு நான் முதல்ல சொல்றது ஸ்பீடப் பத்தியோ விளம்பரம் மறிக்கிறதப் பத்தியோ இல்ல, கரண்ட் போய் வந்தா என்ன நடக்கும் எண்டதத்தான். நம்மட பக்கம் மாரி தொடங்கினா ஐப்பசி கார்த்திகையில காத்துக்கு கொப்பு முறிஞ்சு லைன்ல விழும், கரண்ட் போகும், வரும், அஞ்சு நிமிசத்துல திரும்பவும் போகும், ஒவ்வொரு தடவையும் மோடமும் ரீஸ்டார்ட் ஆகும், அந்த நேரம் ஃபயர்வோல் தானா எழும்பி நெட்டக் குடுக்காட்டி வீட்டுல தனிய இருக்கிற அம்மாக்கு அதால ஒரு பிரயோசனமும் இல்ல.

பெட்டி இன்டெல் என்100 ப்ரொசசர், ஃபேன் இல்ல, நெட்வேர்க் போர்ட் நாலு. ரியல்டெக் போர்ட் இல்லாம இன்டெல் போர்ட் இருக்கிறதாப் பாத்து எடுத்தன், ஏனெண்டா ஓபிஎன்சென்ஸ் ஃப்ரீபிஎஸ்டி எண்ட ஒப்பரேட்டிங் சிஸ்டத்துக்கு மேல ஓடுறது, அதுக்கு இன்டெல் ட்ரைவர்தான் ஒழுங்கா ஒத்துவரும். 2015ல பிஎஃப்சென்ஸ் எண்ட இன்னொரு ஃபயர்வோல் மென்பொருள்ல இருந்து பிரிஞ்சு வந்ததுதான் ஓபிஎன்சென்ஸ், வருசத்துக்கு ரெண்டு பெரிய வெளியீடு, தை மாசம் ஒண்டு ஆடி மாசம் ஒண்டு, அப்டேட் போட்டு எனக்கு இதுவரை ஒண்டும் உடைஞ்சதில்ல. கச்சான் காத்து அடிக்கிற மாசங்கள்ல பெட்டிய கையால தொட்டா நல்லாச் சுடும், அதால அலுமாரிக்குள்ள வைக்காம சுவர்ல காத்துப் படுற மாதிரி மாட்டி வச்சிருக்கன்.

இனி பிரச்சினைக்கு வாறன். ஃபைபர் மோடத்தை பிரிட்ஜ் மோடுக்கு (மோடம் சும்மா கடத்தி மட்டும் விடுற முறை) மாத்தி, வெளி ஐபி, அதாவது நெட்டுல நம்மட விலாசம், நேர ஃபயர்வோலுக்கு வாற மாதிரித்தான் வச்சிருக்கம், டிஎச்சிபியால (கேட்டா தானா ஐபி குடுக்கிற முறை) வரும். நல்லா ஓடிக்கொண்டிருக்கும், கரண்ட் போய் வந்தா மோடத்துல எல்லா லைட்டும் பச்சை, ஃபயர்வோலும் ஓன், வைஃபையும் தெரியும், ஆனா நெட் இல்ல. நான் வேலையில நிக்கக்குள்ள அம்மா போன் எடுப்பா, "மனே, அக்காவோட கதைச்சுக் கொண்டிருக்கக்குள்ள கட் ஆயிட்டு, இன்னும் வருதில்ல" எண்டு. அக்கா கனடாவுல, அவட நேரத்துக்கு இவ காத்திருந்து எடுக்கிற கோல் அது. ஃபயர்வோல பிளக்கக் கழட்டி மாட்டினா வந்திடும், கன பேர் அதோட விட்டுடுறாங்க. எனக்கு அது மனசுக்குப் பிடிக்கல்ல, ஒவ்வொரு மழைக்கும் அம்மா ஸ்டூல்ல ஏறி பிளக் கழட்டுறது ஒரு தீர்வே இல்ல.

நெட் இல்லாத நேரமே ஃபயர்வோல்ட செட்டிங் பக்கத்துக்குள்ள போய் இன்டர்ஃபேசஸ் மெனுல ஓவர்வியூவ பாத்தா விசயம் விளங்கும். வேன் (வெளி நெட் வாற) பக்கம் இருந்த ஐபி 192.168.100ல தொடங்குற ஒண்டு. அது வெளி ஐபியே இல்ல, மோடம் தானே குடுத்தது. ஃபைபர் சிக்னல் பிடிச்சு முழுசா எழும்ப மோடத்துக்கு ஓரிரு நிமிசம் வேணும், ஆனா அதுட ஈதர்நெட் போர்ட் அதுக்கு முதலே உயிர் வந்திடும், கேபிள்ல லிங்க் வந்த உடனே ஃபயர்வோல் "ஐபி தா" எண்டு கேக்கும், அந்த நேரம் வெளிய ஒருத்தரும் இல்லாததால மோடத்துக்குள்ள இருக்கிற குட்டி டிஎச்சிபி சேர்வர் தன்ட பக்கத்து ஐபி ஒண்டத் தூக்கிக் குடுத்திடும். ஃபயர்வோல் அத நம்பி வாங்கி வச்சிட்டு இருக்கும். லீஸ் காலத்துல (ஐபிய வச்சிருக்கக் குடுத்த காலம்) பாதி போன பிறகுதான் திரும்பக் கேக்கிறது டிஎச்சிபிட வழமை, அதுவும் யாரு குடுத்ததோ அவரிட்டத்தான் முதல்ல கேக்கும், மோடம் திரும்பவும் "ஓம் வச்சிரு" எண்டு சொன்னா கதை அப்பிடியே ஓடும். ஃபைபர் பச்சையா எரிஞ்சும் நெட் இல்லாததுக்கு காரணம் இவ்வளவுதான், ரெண்டு பெட்டியிலயும் பழுது இல்ல, எழும்புற ஓடர்லதான் பிழை.

இதுக்கு மருந்து உள்ளுக்கே இருக்கு. இன்டர்ஃபேசஸ்ல வேன் எண்ட பக்கத்துக்குப் போனா டிஎச்சிபி க்ளையன்ட் பகுதியில "ரிஜெக்ட் லீசஸ் ஃப்ரம்" எண்டு ஒரு கட்டம். அதுக்குள்ள 192.168.100.1 எண்டு போட்டு சேவ் பண்ணி அப்ளை குடுத்தன். இனி அந்த விலாசத்துல இருந்து வாற ஐபிய ஃபயர்வோல் எடுக்காது, உண்மையான ஐபி வாற வரைக்கும் கேட்டுக்கொண்டே இருக்கும். உங்கட மோடம் 192.168.1.1 எண்டா அதப் போடுங்க, ஆனா ஒரு கவனம், ஓபிஎன்சென்ஸும் தன்ட லேன் (வீட்டு) பக்கத்துக்கு டிஃபோல்ட்டா 192.168.1.1தான் வைக்கும், ரெண்டு பக்கமும் ஒரே ரேஞ்ச் எண்டா எந்தப் பக்கம் அனுப்புறது எண்டு அதுக்குத் தெரியாது, லேன 10ல தொடங்குற ஒண்டுக்கு முதலே மாத்திடுங்க. அதே பக்கத்துல அட்வான்ஸ்ட் மோடுக்குப் போனா ரீட்ரை நேரமும் மாத்தலாம், ஃப்ரீபிஎஸ்டிட சாதாரண கணக்குல ஒருக்கா கேட்டு கிடைக்காட்டி மறுகா கேக்க 300 செக்கன் நிக்கும், அத 15 ஆக்கினா மோடம் எழும்பின கையோட நெட் வந்திடும். இந்த ரெண்டையும் செஞ்ச பிறகு அம்மாட்ட இருந்து அந்த கோல் வாறது நிண்டுட்டு.

ஐபி சரியா இருந்தும் பக்கம் திறக்காத நேரமும் வரும். 100.64ல இருந்து 100.127 வரைக்குமான ஐபியக் கண்டு கன பேர் பயப்படுறாங்க, அது கம்பனி பல வீட்டுக்கு ஒரு வெளி ஐபியப் பங்கிட்டுக் குடுக்கிற முறை, நெட் ஓடும், ஆனா வெளிய இருந்து வீட்டு கேமராவுக்கு நேர வர ஏலாது. அதுக்குப் பிறகு கூகிளிட 8.8.8.8க்கு பிங் அடிச்சு, அதாவது பதில் வருதா எண்டு பாருங்க. பிங் போகுது, பக்கம் திறக்குதில்ல எண்டா லைன் நல்லம், டிஎன்எஸ் (பக்கத்துட பேர ஐபியா மாத்துறது) தான் சிக்கல்.

இந்த இடத்துல கொஞ்சம் நிண்டு சொல்லோணும், ஏனெண்டா இத ஒருத்தரும் எதிர்பாக்க மாட்டாங்க. கல்முனையில இருக்கிற மச்சானுட பெட்டியில கரண்ட் போய் வந்தா பிங் போகும், ஒரு பக்கமும் திறக்காது. பாத்தா பெட்டிட நேரம் பல வருசம் பின்னுக்கு நிக்குது. போர்டுல இருக்கிற சிஆர்2032 பற்றரி செத்துட்டு. டிஎன்எஸ்செக் (டிஎன்எஸ் பதில் உண்மையா எண்டு கையொப்பத்தால பாக்கிறது) போட்டிருந்தா, ஓபிஎன்சென்ஸ்ல டிஎன்எஸ் பாக்கிற அன்பவுண்ட் எண்ட மென்பொருள் பதில்ல இருக்கிற கையொப்பத்துட திகதியப் பாக்கும், பெட்டிட நேரம் பிழையெண்டா எல்லாப் பதிலையும் தள்ளிடும், டிஎன்எஸ் இல்லாததால டைம் சேர்வர பேர வச்சுக் கண்டுபிடிக்க ஏலாது, அதால நேரமும் திருந்தாது. காத்தான்குடியில நானா கடையில புது பற்றரி வாங்கிப் போட்டம், பயோஸ்ல நேரத்த ஒருக்கா சரி பண்ணினம், முடிஞ்சுது. பழைய மினி பிசி வாங்குற ஆக்கள் வாங்கின அண்டைக்கே இந்தப் பற்றரிய மாத்திடுங்க.

ஐபி மாறி வந்தா கேமரா ரெக்கோர்டர், நெட் போன் மாதிரி சாமான் பழைய கனெக்ஷனையே பிடிச்சுக் கொண்டு நிக்கும், ஃபயர்வோல் செட்டிங்ஸ் அட்வான்ஸ்ட்ல "டைனமிக் ஸ்டேட் ரீசெட்" எண்டத டிக் பண்ணினா அது தானா தீரும். யூசர்நேம் பாஸ்வேர்ட் போட்டு பிபிபிஓஈயில எடுக்கிற ஆக்களுக்கு கதை வேற. மோடம் திடீரெண்டு செத்தா கம்பனிப் பக்கம் பழைய செஷன் கொஞ்ச நேரம் உயிரோட நிக்கும், அது விழும் வரைக்கும் புது லொகினை எடுக்காம விடலாம், அந்த நேரம் சும்மா சும்மா ரீஸ்டார்ட் அடிக்காம சில நிமிசம் பொறுங்க. அதுல எம்டியு (ஒரு பக்கெட் எவ்வளவு பெரிசாப் போகலாம் எண்ட அளவு) 1492 எண்டதும் ஞாபகம், சில பக்கம் மட்டும் திறக்காம நிண்டா அதத்தான் பாக்கோணும்.

மோடத்துக்கும் ஃபயர்வோலுக்கும் 12 வோல்ட் மினி யூபிஎஸ் ஒண்டு போட்டது நான் செஞ்ச நல்ல செலவு. சின்ன கரண்ட் கட்டுக்கு ரெண்டும் அசையாது. வாங்கக்குள்ள வோல்ட்ட மட்டும் பாக்காம ரெண்டு அடாப்டர்லயும் எழுதியிருக்கிற ஆம்பியரக் கூட்டிப் பாத்து வாங்குங்க. கன நேரம் கரண்ட் போனா அது தாங்காது, அதுக்காகத்தான் டிஸ்க்க இசட்எஃப்எஸ்ல (டிஸ்க்ல ஃபைல் சேமிக்கிற ஒரு முறை) இன்ஸ்டோல் பண்ணினன், எத்தனையோ தரம் இடையில அணைஞ்சும் ஃபைல் ஒண்டும் பழுதாகல்ல. இன்ஸ்டோல் பண்ணக்குள்ள யுஎஃப்எஸ்ஸா இசட்எஃப்எஸ்ஸா எண்டு அதுவே கேக்கும்.

எல்லாம் சரியா ஓடினதும் கொன்ஃபிகரேஷன பேக்கப் எடுத்து பென் ட்ரைவ்ல ஒரு கொப்பி, போன்ல ஒரு கொப்பி வைங்க. ஒரே ஒரு எக்ஸ்எம்எல் ஃபைல்தான், பெட்டி செத்தாலும் வேறொரு பெட்டியில அதப் போட்டு போர்ட் பேர மட்டும் மாத்தினா மேல சொன்ன எல்லா செட்டிங்கும் அப்பிடியே வரும்.